பெரிய எழுத்தும் மேற்கோள்குறியும்: எஸ்க்யூஎல் நெடுவரிசைப் பெயர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டேட்டாபேஸைப் பார்க்க உதவும் டிபீவர் கருவியில் டேபிளைத் திறந்தால் நெடுவரிசை கண்ணெதிரே நிற்கிறது. அதே பெயரை எழுதிக் குவெரியை (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் எஸ்க்யூஎல் கட்டளையை) ஓட்டினால், அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்கிறது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எழுத்துப்பிழை இருக்குமோ என்று பார்க்கிறோம். ஸ்கீமாவைப் பார்க்கிறோம். தவறான சர்வரில் உட்கார்ந்திருக்கிறோமோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது. கடைசியில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் "டபுள் கோட்ஸ் போட்டுப் பாருங்க" என்கிறார், குவெரி ஓடிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் "போஸ்ட்கிரெஸ் அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துபோகும்.

அது அவ்வளவு மர்மமான விஷயம் இல்லை. விதி ஒன்றே ஒன்றுதான். அதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்டு பிடிக்கின்றன என்பது தானாகப் புரியும். போஸ்ட்கிரெஸை மையமாக வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கலில் அதிகம் மாட்டுகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான்.

முதலில் ஒரு குறியீட்டு ஏற்பாடு. கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லாததால், ^ குறிக்கு அடுத்து வரும் ஆங்கில எழுத்து பெரியது என்று வைத்துக்கொள்வோம். கஸ்டமர்^ஐடி என்றால் நடுவில் உள்ள ஐ மட்டும் பெரிய எழுத்து. ^^கஸ்டமர்ஐடி என்றால் முழுப் பெயரும் பெரிய எழுத்து. குறி எதுவும் இல்லையென்றால் எல்லாம் சின்ன எழுத்து.

படி 1: பெயருக்கு உள்ளே என்ன நடக்கிறது

இப்படி ஒரு டேபிள்:

கிரியேட் டேபிள் ஆர்டர்ஸ் (
  ஐடி பிக்இன்ட்,
  "கஸ்டமர்^ஐடி" பிக்இன்ட்,
  ஆர்டர்^டேட் டேட்
);

இரண்டாவது நெடுவரிசை இரட்டை மேற்கோளுக்குள் இருக்கிறது, மூன்றாவது இல்லை. மேற்கோள் இல்லாத பெயர் எதுவாக இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அதை முதலில் முழுக்கச் சின்ன எழுத்தாக மாற்றிவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் பெயரில் கை வைக்காது. ஆக, டேபிளில் உண்மையில் பதிவான பெயர்கள் ஐடி, கஸ்டமர்^ஐடி, ஆர்டர்டேட். மூன்றாவதில் நீங்கள் ஆசையாகப் போட்ட பெரிய டி காணாமல் போய்விட்டது.

குவெரி எழுதும்போதும் இதே வேலை மறுபடியும் நடக்கிறது:

செலக்ட் ஆர்டர்^டேட் ஃப்ரம் ஆர்டர்ஸ்;

இது ஓடும். குவெரியில் இருக்கும் பெயரும் சின்ன எழுத்தாகி, பதிவான ஆர்டர்டேட்டோடு பொருந்திவிடுகிறது. ஆனால்,

செலக்ட் கஸ்டமர்^ஐடி ஃப்ரம் ஆர்டர்ஸ்;

இது ஓடாது. நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள். ஆனால் தேடப் போவதற்கு முன் போஸ்ட்கிரெஸ் அதைக் கஸ்டமர்ஐடி என்று மாற்றிக்கொண்டது. டேபிளில் இருப்பதோ கஸ்டமர்^ஐடி. இரண்டும் வேறு வேறு பெயர்கள். எர்ரர் செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இது தெரிந்துவிடும்: நீங்கள் பெரிய ஐ போட்டு எழுதியிருந்தாலும் செய்தியில் வரும் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, ஆர்டர்ஸ் டேபிளில் உள்ள கஸ்டமர்^ஐடியைத்தான் சொல்ல வந்தீர்களோ என்று ஒரு குறிப்பும் பெரும்பாலும் வரும். எர்ரர் எண் 42703. பாதிப் பேர் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

எனவே இரட்டை மேற்கோள் செய்வது ஒன்றே ஒன்று: எழுத்து மாற்றத்தை நிறுத்தி வைக்கிறது. "ஆர்டர்டேட்" என்று மேற்கோளில் எழுதினாலும், ஆர்டர்டேட் என்று வெறுமனே எழுதினாலும் ஒன்றுதான், ஏனென்றால் மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. மேற்கோள் போட்டுவிட்டால் இனி எப்போதும் மேற்கோள் போட வேண்டும் என்று சிலர் சொல்வது பாதி உண்மை. முழுக்கச் சின்ன எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும் கொண்ட, எண்ணில் தொடங்காத, ஒதுக்கப்பட்ட சொல்லாக இல்லாத பெயருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இதிலிருந்து பிறக்கும் ஒரு வினோதம்: ஒரே டேபிளில் "கஸ்டமர்^ஐடி", கஸ்டமர்ஐடி என்று இரண்டு நெடுவரிசைகள் அக்கம்பக்கமாக இருக்கலாம். போஸ்ட்கிரெஸ் ஆட்சேபிக்காது. எர்ரர் வந்த எரிச்சலில் யாராவது சின்ன எழுத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டால், பாதி அப்ளிகேஷன் ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் எழுதிக்கொண்டிருக்கும்.

படி 2: எந்த மேற்கோள் எதற்கு

ஒற்றை மேற்கோள் தரவுக்கு. இரட்டை மேற்கோள் பெயருக்கு. எஸ்க்யூஎல் தரநிலை சொல்வது இவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் எழுதிப் பழகிய கைக்கு இரண்டும் ஒன்று என்பதால், இது பழக எல்லாருக்கும் கொஞ்ச நாள் ஆகும்.

செலக்ட் * ஃப்ரம் ஆர்டர்ஸ் வேர் சிட்டி = "மதுரை";

போஸ்ட்கிரெஸில் இதை ஓட்டினால் மதுரை என்ற நெடுவரிசை இல்லை என்று பதில் வரும். சிரிப்பாக இருந்தாலும் அது மிகச் சரியான பதில். 'மதுரை' என்று ஒற்றை மேற்கோளில் எழுதினால்தான் அது தரவு.

மைஎஸ்க்யூஎல் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. அங்கே பெயருக்கு உரிய குறி பேக்டிக், அதாவது கீபோர்டில் எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் சாய்ந்த குறி: `கஸ்டமர்^ஐடி`. இரட்டை மேற்கோளை மைஎஸ்க்யூஎல் இயல்பாகவே தரவாக எடுத்துக்கொள்ளும். ஆன்சி_கோட்ஸ் என்ற மோடை இயக்கினால் மட்டுமே அது பெயருக்கான குறியாக மாறும். எஸ்க்யூஎல் சர்வரில் சதுர அடைப்பு: [கஸ்டமர்^ஐடி]. அங்கே கோட்டட்_ஐடென்டிஃபையர் என்ற அமைப்பு இயங்கும்போது இரட்டை மேற்கோளும் செல்லும்.

இரட்டை மேற்கோள் தரவாகிவிடுவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்காக எழுதிய குவெரியை அப்படியே மைஎஸ்க்யூஎல்லில் ஒட்டுகிறீர்கள் என்று வையுங்கள்:

செலக்ட் * ஃப்ரம் ஆர்டர்ஸ் வேர் "சிட்டி" = 'மதுரை';

எர்ரர் வராது. சிட்டி என்ற சொல்லும் மதுரை என்ற சொல்லும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்பதால் ஒரு வரிசையும் தராது. தரவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். இதன் தலைகீழ் வடிவம் இன்னும் மோசம்:

செலக்ட் * ஃப்ரம் ஆர்டர்ஸ் வேர் "கஸ்டமர்_ஐடி" = 0;

இங்கே எழுத்துச் சரத்தை எண்ணோடு ஒப்பிட வேண்டியிருப்பதால் மைஎஸ்க்யூஎல் அந்தச் சரத்தை எண்ணாக மாற்றுகிறது. எண்ணில் தொடங்காத சரம் 0 ஆகிவிடும். 0 = 0 எப்போதும் உண்மை, ஆகவே டேபிளில் உள்ள அத்தனை வரிசையும் வந்து நிற்கும். கூடவே ஒரு வார்னிங் வரும், ஆனால் அப்ளிகேஷன் கோடில் வார்னிங்கை யார் பார்க்கிறார்கள்?

எஸ்க்யூலைட்டிலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் பெயரில் நெடுவரிசை எதுவும் இல்லையென்றால், சரி, இது எழுத்துச் சரமாக இருக்கும் என்று அது தானே முடிவு செய்துகொள்ளும். பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால், எர்ரருக்குப் பதிலாக அந்தத் தவறான பெயரே ஒவ்வொரு வரிசையிலும் பதிலாக அச்சாகி வரும். பழைய மைஎஸ்க்யூஎல்லோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் செய்தது; அதை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் அதைத் தவறான முடிவு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எஸ்க்யூலைட்டைக் கம்பைல் செய்யும்போது இந்தப் பழக்கத்தை அணைத்து வைக்க வழி இருக்கிறது. புது ப்ராஜெக்ட் என்றால் அணைத்துவிடுங்கள்.

படி 3: உங்கள் டேட்டாபேஸ் எந்த ரகம்

மேற்கோள் இல்லாத பெயரைப் பெரிய எழுத்தாக்க வேண்டும் என்பதுதான் எஸ்க்யூஎல் தரநிலை. ஆரக்கிள், டிபி2, ஃபயர்பேர்ட், ஸ்னோஃபிளேக் எல்லாம் அப்படியே செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் மட்டும் சின்ன எழுத்தாக்குகிறது, இது தரநிலைக்கு மாறானது என்பதை அதன் ஆவணமே ஒத்துக்கொள்கிறது. பெரிய எழுத்துப் பெயர்கள் கத்துவது போல இருக்கும் என்பதால் எனக்கு போஸ்ட்கிரெஸ் வழிதான் பிடிக்கும். அது சொந்த விருப்பம்.

ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறும்போது இந்த வேறுபாடு பல்லைக் காட்டும். ஆரக்கிளில் கஸ்டமர்_ஐடி என்று சாதாரணமாக எழுதி உருவாக்கியது அங்கே ^^கஸ்டமர்_ஐடி என்று பதிவாகியிருக்கும். ஏதோ ஒரு கருவி அந்தப் பெயரை அப்படியே எடுத்து, மேற்கோளும் போட்டு, போஸ்ட்கிரெஸில் டேபிளை உருவாக்கிவிட்டால், நூற்றுக்கணக்கான நெடுவரிசைகளும் முழுப் பெரிய எழுத்தில் உறைந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு குவெரியிலும் மேற்கோள் போட்டே ஆக வேண்டும். மாற்றுவதற்கு முன்பே அந்தக் கருவியின் அமைப்பில் எழுத்தை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும் கருவியான ஓரா2பிஜி இயல்பாகவே சின்ன எழுத்தாக்கிவிடும். ப்ரிசர்வ்_கேஸ் என்பதை 1 ஆக்கினால்தான் பழைய வடிவத்தை வைத்துக்கொள்ளும், அதை இயக்காமல் விடுவதே நல்லது. ஆரக்கிளில் பெயர் தவறினால் வரும் எர்ரர் எண் ஓஆர்ஏ-00904.

மைஎஸ்க்யூஎல்லில் நெடுவரிசைப் பெயர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமாக இருந்தாலும், பேக்டிக் போட்டாலும் போடாவிட்டாலும், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே சிக்கல் டேபிள் பெயரில் இருக்கிறது. டேபிள்கள் கோப்புகளாகச் சேமிக்கப்படுவதால், கோப்பு முறை எப்படியோ பெயரும் அப்படியே. லினக்ஸில் ^ஆர்டர்ஸ், ஆர்டர்ஸ் இரண்டும் வேறு. விண்டோஸில் ஒன்று. விண்டோஸ் லேப்டாப்பில் அழகாக ஓடிய அப்ளிகேஷன் லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் 1146 என்ற எண்ணோடு டேபிள் இல்லை என்று விழுவதற்குக் காரணம் இதுதான். இதைத் தீர்மானிப்பது லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் என்ற அமைப்பு: லினக்ஸில் இயல்பு மதிப்பு 0, விண்டோஸில் 1, மேக்கில் 2. மைஎஸ்க்யூஎல் 8.0 முதல், சர்வரை முதன்முதலில் நிறுவித் தரவுக் கோப்புறையை உருவாக்கும்போதே இதை முடிவு செய்துவிட வேண்டும். பின்னால் மாற்ற முடியாது. எனவே புது சர்வர் போடுகிறவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் எழுத்து மாற்றம் எதுவும் நடப்பதில்லை. பெயர் எழுதியபடியே பதிவாகும். ஒப்பிடும் விதத்தை டேட்டாபேஸின் கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதித்தொகுப்பு, தீர்மானிக்கும். கொலேஷன் பெயரில் சிஐ என்று இருந்தால் பெரிய, சின்ன எழுத்து பேதம் இல்லை, சிஎஸ் என்று இருந்தால் உண்டு. பெரும்பாலான சர்வர்கள் சிஐ என்பதால் அந்தப் பக்கத்து டெவலப்பர்கள் பல வருடம் இதைப் பற்றி யோசிக்காமலேயே ஓட்டிவிடுவார்கள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் சிஎஸ்ஸாக அமைந்திருக்கும், அன்றைக்கு 207 என்ற எர்ரர் வரிசையாக வரும். சிஎஸ் டேட்டாபேஸில் சதுர அடைப்பு போடுவது இதற்கு உதவாது. அடைப்பு போட்டாலும் எழுத்து சரியாக இருக்க வேண்டும்.

எஸ்க்யூலைட்டில் மேற்கோள் போட்டாலும்கூட ஆங்கில எழுத்துகளில் பேதம் கிடையாது. லோக்கல் டெஸ்டுக்கு எஸ்க்யூலைட்டும் நிஜ சர்வருக்கு போஸ்ட்கிரெஸும் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் டெஸ்ட் இந்த வகைத் தவறை ஒருபோதும் பிடிக்காது.

படி 4: உண்மையான பெயரைக் கண்டுபிடியுங்கள்

சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் கேட்டலாகிலிருந்தே, அதாவது டேபிள், நெடுவரிசைப் பெயர்களை டேட்டாபேஸ் தானே குறித்துவைக்கும் இடத்திலிருந்தே எடுங்கள். போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் \டி ஆர்டர்ஸ் (இந்த டி, டிஸ்கிரைப் என்பதன் முதல் எழுத்து) என்றால் பதிவான வடிவம் அப்படியே தெரியும். ஆனால் இந்த \டி கட்டளையும் தனக்கு வரும் பெயரைச் சின்ன எழுத்தாக்கும். டேபிள் பெயரிலேயே பெரிய எழுத்து இருந்தால் \டி "^ஆர்டர்ஸ்" என்று மேற்கோளோடு கேட்க வேண்டும்.

டேட்டாபேஸ் முழுவதிலும் எத்தனை இடங்களில் இந்தச் சிக்கல் இருக்கிறது என்று ஒரே வீச்சில் பார்க்க:

செலக்ட் டேபிள்_ஸ்கீமா, டேபிள்_நேம், காலம்_நேம்
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ்
வேர் காலம்_நேம் <> லோயர்(காலம்_நேம்)
   ஆர் காலம்_நேம் லைக் '% %';

கடைசி வரி இடைவெளி உள்ள பெயர்களைப் பிடிப்பதற்கு. எக்செல் கோப்பை அப்படியே ஏற்றியவர்கள் இருக்கும் அலுவலகத்தில் "அமவுன்ட் " என்று கடைசியில் ஓர் இடைவெளியோடு நெடுவரிசை இருப்பது சகஜம். கண்ணுக்குத் தெரியாது, மேற்கோள் போட்டும் வேலை செய்யாது, மண்டை காயும்.

படி 5: இந்தப் பெயர்களை யார் வைத்தது

கையால் யாரும் மேற்கோள் போட்டு டேபிள் உருவாக்குவதில்லை. கருவிகள்தான் செய்கின்றன: அப்ளிகேஷன் கோடையும் டேபிளையும் இணைப்பவை, கோப்பை டேபிளில் ஏற்றுபவை. ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் சீக்வெலைஸ் தானாகவே கிரியேட்டட்^அட், அப்டேட்டட்^அட் என்று இரண்டு நெடுவரிசைகளைச் சேர்க்கும், மேற்கோளோடு. அண்டர்ஸ்கோர்ட் என்ற விருப்பத்தை இயக்கினால் அவை அடிக்கோட்டு வடிவத்துக்கு வந்துவிடும். ப்ரிஸ்மாவில் மாடலில் வைத்த பெயரே நெடுவரிசைப் பெயராகும். கோடில் கஸ்டமர்^ஐடி என்றும் டேபிளில் கஸ்டமர்_ஐடி என்றும் இருக்க வேண்டுமென்றால் @மேப் எழுத வேண்டும், டேபிளுக்கு @@மேப்.

ஜாவா பக்கத்தில் ஸ்பிரிங் பூட் எதிர்த்திசையில் குழப்பும். அதன் இயல்பான பெயரிடும் முறை எல்லாவற்றையும் அடிக்கோட்டுக்கு மாற்றிவிடும், நீங்கள் காலம் அன்னோட்டேஷனில் கஸ்டமர்^ஐடி என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தாலும் சரி. பழைய டேபிளோடு இணைக்கிறவர்கள் இங்கே அடிபடுவார்கள்.

பைத்தான் பக்கத்தில் எஸ்க்யூஎல்ஆல்கெமியின் விதி நல்ல விதி: பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருந்தால் மேற்கோள் போடாது, ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் போடும். தரவை டேபிளில் ஏற்றும் பாண்டாஸின் டு_எஸ்க்யூஎல் அதன் மேல்தான் ஓடுகிறது. அதனால் சிஎஸ்வி தலைப்பில் ^கஸ்டமர் ^நேம் என்று இருந்தால் பெரிய எழுத்தும் இடைவெளியுமாக அதே பெயரில் நெடுவரிசை பிறந்துவிடும். ஏற்றுவதற்கு முன் டேட்டாஃபிரேமின் தலைப்புகளைச் சின்ன எழுத்தாக்கி, ஓரத்து இடைவெளியை நீக்கி, நடுவில் இருப்பதை அடிக்கோடாக்கிவிடுங்கள். ஒரு வரி வேலை.

டேபிளில் பெயர் எல்லாம் சுத்தமாக இருந்தும் ஓரிடத்தில் இதே பூதம் கிளம்பும்: ஆலியாஸ், அதாவது குவெரியின் பதிலில் வரும் நெடுவரிசைக்கு நாம் வைக்கும் தற்காலிகப் பெயர்.

செலக்ட் சம்(அமவுன்ட்) ஆஸ் டோட்டல்^அமவுன்ட் ஃப்ரம் ஆர்டர்ஸ்;

குவெரி ஓடும், எர்ரர் இல்லை. ஆனால் அப்ளிகேஷனின் நோட்.ஜேஎஸ் கோடில் ரோ.டோட்டல்^அமவுன்ட் என்று கேட்டால் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லை. வந்திருப்பது டோட்டல்அமவுன்ட். திரையில் மொத்தத் தொகை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. ஆலியாஸை மேற்கோளில் போடலாம், இங்கே அதில் தவறில்லை, ஏனென்றால் அது டேபிளில் தங்கப்போவதில்லை. நான் டோட்டல்_அமவுன்ட் என்றே வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தை அப்ளிகேஷனில் ஒரே இடத்தில் வைப்பேன்.

படி 6: ஏற்கெனவே கெட்டுப்போனதைச் சரிசெய்வது

ஒற்றை நெடுவரிசை என்றால் எளிது:

ஆல்டர் டேபிள் ஆர்டர்ஸ் ரீநேம் காலம் "கஸ்டமர்^ஐடி" டு கஸ்டமர்_ஐடி;

டேபிளில் கோடி வரிசை இருந்தாலும் இது நொடியில் முடியும், கேட்டலாகில் பெயர் மட்டும்தான் மாறுகிறது. ஆனால் மாற்றும் கணத்தில் டேபிளுக்கு முழுப் பூட்டு வேண்டும். ஏதோ ஒரு நீண்ட ரிப்போர்ட் அதே டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால் உங்கள் கட்டளை காத்திருக்கும். அதைவிடத் தொல்லை, அதற்குப் பின்னால் வரும் எல்லாக் குவெரிகளும் வரிசையில் நின்றுவிடும். அதனால் முதலில் லாக்_டைம்அவுட்டை இரண்டு விநாடி போலச் சின்னதாக வைத்துவிட்டு ஓட்டுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் கட்டளை தானாகக் கைவிடும், கொஞ்சம் கழித்து மறுபடி முயலலாம்.

நிறைய இருந்தால் கட்டளைகளைக் குவெரியை வைத்தே உற்பத்தி செய்யலாம். படி 4இல் பார்த்த குவெரியின் செலக்ட் பகுதியை இப்படி மாற்றுங்கள்:

செலக்ட் ஃபார்மேட்('ஆல்டர் டேபிள் %^ஐ.%^ஐ ரீநேம் காலம் %^ஐ டு %^ஐ;',
  டேபிள்_ஸ்கீமா, டேபிள்_நேம், காலம்_நேம், புதுப்பெயர்)

%^ஐ என்பது பெயருக்கான இடம். தேவைப்பட்டால் மட்டும் மேற்கோள் போட்டுக்கொள்ளும். புதுப்பெயர் என்ற இடத்தில், சின்ன எழுத்தை அடுத்துப் பெரிய எழுத்து வரும் இடங்களில் அடிக்கோட்டைச் செருகும் ரெஜெக்ஸ்பி_ரீப்ளேஸ் (ரெஜெக்ஸ் என்ற எழுத்து வடிவத்தைத் தேடி மாற்றும் ஃபங்ஷன்), அதற்கு வெளியே லோயர். வரும் பட்டியலை அப்படியே ஓட்டிவிடாமல் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ^^எச்டிஎம்எல்லும் ^பாடியும் இடைவெளியில்லாமல் சேர்வது போலச் சுருக்கமும் சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்களில் அந்த ரெஜெக்ஸுக்கு எல்லை தெரியாது, எல்லாம் சேர்ந்து ஒரே நீளமான பெயராகிவிடும். பிறகு எல்லாவற்றையும் பிகின், கமிட் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். போஸ்ட்கிரெஸில் டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளும் டிரான்சாக்ஷனுக்குள் அடங்கும், பாதியில் ஏதாவது இடறினால் எல்லாமே பழையபடி ஆகிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் இந்தச் சலுகை கிடையாது.

பெயர் மாற்றிய பின் எது உடையும்? வியூக்கள் (டேபிள் போலவே பயன்படும், சேமித்துவைத்த குவெரிகள்) உடையாது. போஸ்ட்கிரெஸ் அவற்றுக்குள் நெடுவரிசையைப் பெயரால் அல்ல, எண்ணால் நினைவில் வைக்கிறது. இன்டெக்ஸ், ஃபாரின் கீ எதற்கும் ஆபத்தில்லை. உடைவது பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் என்ற போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல்மொழியில் எழுதிய ஃபங்ஷன்கள், ஏனென்றால் அவற்றின் உடல் வெறும் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதுவும் உடனே தெரியாது, அடுத்த முறை அந்த ஃபங்ஷன் அழைக்கப்படும்போதுதான் வெடிக்கும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஃபங்ஷன் என்றால் மாதக் கடைசியில்தான் வெடிக்கும். ஃபங்ஷன்களைக் குறித்துவைக்கும் பிஜி_ப்ராக் என்ற கேட்டலாக் டேபிளில் ப்ரோஎஸ்ஆர்சி என்ற நெடுவரிசையில் பழைய பெயரைத் தேடிவிட்டு வேலையில் இறங்குங்கள்.

அப்ளிகேஷனை ஒரே நேரத்தில் மாற்ற முடியாத இடங்களில், டேபிளுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, பழைய பெயரில் ஒரு வியூ வைத்து, அதில் பழைய நெடுவரிசைப் பெயர்களைக் காட்டலாம். ஒரே டேபிளை நேரடியாகக் காட்டும் எளிய வியூவில் இன்சர்ட், அப்டேட்கூடச் செய்யலாம், 9.3 பதிப்பிலிருந்தே. பழைய கோட் வியூவோடும் புது கோட் டேபிளோடும் பேசும், அவசரமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம்.

படி 7: பெயர், எழுத்துச் சரத்துக்குள் போகும்போது

அனுபவசாலிகளையும் இங்கே தடுக்கி விடும். அடுத்த வரிசை எண்ணைத் தரும் நெக்ஸ்ட்வேல் ஃபங்ஷனுக்குச் சீக்வென்ஸ் (எண்களை உற்பத்தி செய்யும் அமைப்பு) பெயரை ஒற்றை மேற்கோளில் கொடுக்கிறோம். அந்தச் சரத்துக்கு உள்ளேயும் அதே எழுத்து மாற்றம் நடக்கும். பெரிய எழுத்து இருந்தால் இரண்டு வகை மேற்கோளும் வேண்டும்:

செலக்ட் நெக்ஸ்ட்வேல்('"^ஆர்டர்ஸ்_ஐடி_சீக்"');

ஒரு நெடுவரிசைக்கு உரிய சீக்வென்ஸின் பெயரைச் சொல்லும் பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் இன்னும் வேடிக்கை. அதற்கு இரண்டு மதிப்புகள்: டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர். முதலாவது ஸ்கீமாவோடு சேர்ந்து வரக்கூடும் என்பதால் வழக்கமான விதிப்படி சின்ன எழுத்தாகும். இரண்டாவது கொடுத்தது கொடுத்தபடி. ஆகவே பெரிய எழுத்துள்ள டேபிளுக்கு உள்மேற்கோள் வேண்டும், நெடுவரிசைக்கு அது கூடவே கூடாது:

செலக்ட் பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ்('"^ஆர்டர்ஸ்"', 'ஆர்டர்^ஐடி');

பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப்பில் ஒரு டேபிளை மட்டும் எடுக்கும்போது ஷெல் வேறு மேற்கோளைத் தின்றுவிடும். வெளியே ஒற்றை, உள்ளே இரட்டை: -டி '"^ஆர்டர்ஸ்"' (இந்த டி, டேபிள் என்பதன் முதல் எழுத்து).

நெடுவரிசைப் பெயரைப் பயனரிடமிருந்து வாங்கும் இடங்களும் உண்டு. தலைப்பைக் க்ளிக் செய்தால் அந்த நெடுவரிசைப்படி வரிசைப்படுத்து என்பது போல. பாதுகாப்புக்காகப் பெயரைப் பாராமீட்டராக அனுப்பினால், பெரும்பாலும் எர்ரரும் வராது, வரிசையும் மாறாது. பாராமீட்டர் எப்போதும் தரவுதான், பெயர் ஆகாது. ஒரு நிலையான சொல்லை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னது போல ஆகிவிடும். அதற்காகப் பெயரைச் சரத்தில் நேரடியாக ஒட்டினால் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது வெளியாள் தன் கட்டளையைக் குவெரிக்குள் நுழைப்பதற்கு, கதவு திறந்தாயிற்று. அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலோடு ஒப்பிடுவதே முதல் காவல். அதற்கு மேல், போஸ்ட்கிரெஸில் கோட்_ஐடென்ட் அல்லது ஃபார்மேட்டின் %^ஐ, பைத்தானில் சைகோபிஜியின் ஐடென்டிஃபையர், எஸ்க்யூஎல் சர்வரில் கோட்நேம். மேற்கோளை நீங்களே இருபக்கமும் ஒட்டாதீர்கள். பெயருக்குள்ளேயே ஒரு இரட்டை மேற்கோள் வந்தால் அதை இரட்டிப்பாக்க வேண்டும், இந்த ஃபங்ஷன்கள் அதைப் பார்த்துக்கொள்ளும்.

படி 8: ஒதுக்கப்பட்ட சொற்கள்

எழுத்து சரியாக இருந்தும் மேற்கோள் கட்டாயமாகும் இடம் இது. ஆர்டர், குரூப் போன்றவற்றைப் பெயராக வைத்தால் சின்டாக்ஸ் எர்ரர் வரும், அதனால் பிழைத்தோம். யூசர் அப்படியில்லை. போஸ்ட்கிரெஸில் யூசர் என்ற நெடுவரிசை இருக்கும் டேபிளில்,

செலக்ட் யூசர் ஃப்ரம் லாகின்ஸ்;

என்று எழுதினால், நெடுவரிசைக்குப் பதில் நீங்கள் எந்தப் பெயரில் டேட்டாபேஸில் நுழைந்திருக்கிறீர்களோ அந்தப் பெயர் ஒவ்வொரு வரிசையிலும் வரும். போஸ்ட்கிரெஸ் என்ற பயனராகவே எல்லாரும் லாகின் செய்திருப்பதாக ரிப்போர்ட் சொல்லும். யூசர்_நேம், அக்கவுண்ட் என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், யூசர் வேண்டாம்.

இன்று சாதாரணமாக இருக்கும் சொல் நாளை ஒதுக்கப்படலாம். மைஎஸ்க்யூஎல் 8.0இல் விண்டோ ஃபங்ஷன்கள் வந்தபோது ரேங்க், குரூப்ஸ், விண்டோ எல்லாம் ஒதுக்கப்பட்ட சொற்களாயின. மதிப்பெண் டேபிளில் ரேங்க் என்ற நெடுவரிசை வைத்திருந்தவர்களின் குவெரிகள் 5.7இலிருந்து மாறியதும் நின்றுபோயின. பேக்டிக் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள்.

படி 9: தமிழிலேயே பெயர் வைத்தால்?

வைக்கலாம். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் தமிழ் எழுத்துப் பெயரை மேற்கோள் இல்லாமலேயே ஏற்கும். பெரிய, சின்ன எழுத்துத் தகராறும் போயிற்று. பதிலுக்கு வேறு இரண்டு தகராறு வரும்.

ஒன்று நீளம். போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட் வரைதான் இடம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். வாடிக்கையாளர்_பெயர் 55 பைட், தாங்கும். வாடிக்கையாளர்_தொலைபேசி 64 பைட். ஒரே ஒரு பைட் அதிகம். கடைசிக் குறியான இகரக் கொம்பு வெட்டுப்பட்டு வாடிக்கையாளர்_தொலைபேச என்று பதிவாகும், எர்ரர் இல்லாமல், ஒரு நோட்டீஸ் செய்தியோடு. குவெரியிலும் அதே இடத்தில் வெட்டுவதால் குவெரிகள் ஓடும். ஆனால் பதில் வரும் பெயர் வெட்டுப்பட்டது, அப்ளிகேஷன் முழுப் பெயரால் தேடினால் கிடைக்காது. வாடிக்கையாளர்_தொலைபேசி_2 என்று இரண்டாவதாக ஒன்றைச் சேர்க்கப் போனால் அதுவும் அதே வடிவத்துக்கு வெட்டுப்பட்டு, இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று எர்ரர் வரும். மைஎஸ்க்யூஎல்லில் வரம்பு 64 எழுத்து, பைட் கணக்கில்லை. அங்கே இவை எல்லாம் அடங்கும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. தொ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி. போஸ்ட்கிரெஸுக்கு இரண்டும் வேறு பெயர்; அது பெயர்களை இயல்பாக்குவதில்லை. ஒருவர் ஒரு கீபோர்டில் டேபிளை உருவாக்கி, இன்னொருவர் எங்கிருந்தோ ஒட்டிய பெயரால் குவெரி எழுதினால் 42703 மறுபடி வரும், இம்முறை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது. காலம்_நேமை ஆக்டெட்_லெங்த்துக்குள் போட்டு இரண்டு வடிவங்களின் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். பிரித்து எழுதியது 3 பைட் கூடுதலாக இருக்கும். மைக்ரேஷன் கோப்புகளை (டேபிள் மாற்றக் கட்டளைகள் உள்ள கோப்புகளை) என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு ரெப்பாசிட்டரியில் சேர்த்தால் இது வராது.